முதலிடம் யாருக்கு?

பீட்டில்ஸ் குழுவினரின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ என்னும் இசைத்தட்டு 1963ஆம் ஆண்டில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றதா, இல்லையா? கேள்வி சிறியதுதான், ஆயினும் மெல்லிசை வரலாறு எழுதுவோர் இதுபற்றி இன்றும் வாதிடுகின்றனர். இரு திறத்தாரிடமும் அச்சிட்ட சான்று உண்டு என்பதே இதன் சுவை!

அப்பட்டியல்கள் பிறந்த விதத்தை முதலில் அறிதல் வேண்டும். 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் லண்டன் வார இதழ் அந்நாட்டின் முதற்பட்டியலை வெளியிட்டது. அவ்விதழைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசி வாயிலாகப் பேசி, அவ்வாரம் மிகுதியாக விற்ற தட்டுகள் எவையென வினவினார். கடைக்காரர் கூறிய வரிசைகளை ஒன்றாகத் தொகுத்தார். கடைக்காரர் சொன்னதே கணக்கு. விற்காத தட்டொன்றை விற்றுத் தீர்க்க விரும்பிய வணிகர் அதன் பெயரையும் சேர்த்துச் சொன்னால், தடுப்பார் யார்?

பின்னர் 1955இல் ‘ரெக்கார்ட் மிரர்’, 1956இல் ‘மெலடி மேக்கர்’, 1960இல் வணிகர்களுக்கான ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ ஆகியனவும் தத்தம் பட்டியலைத் தொடங்கின. கேட்ட கடைகள் வேறு. ஆதலின் விடைகளும் வேறாயின. 1963இல் ‘மெலடி மேக்கர்’ பீட்டில்ஸ் தட்டுக்கு முதலிடம் தந்தது. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ அவ்விடத்தை அதற்கும் ஃபிராங்க் ஐஃபீல்டின் தட்டுக்குமாகப் பகிர்ந்தளித்தது. ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ தந்ததோ இரண்டாமிடம்.

பி.பி.சி. வானொலி என்ன செய்தது? பல இதழ்களின் பட்டியல்களைக் கூட்டிச் சராசரி கண்டது. 1968 ஆகஸ்டில் மூன்று தட்டுகள் ஒருங்கே முதலிடத்தில் வந்து நின்றன! 1969 பிப்ரவரியில்தான் பி.பி.சி.யும் ‘ரெக்கார்ட் ரீடெய்ல’ரும் இணைந்து, பிரிட்டிஷ் சந்தை ஆராய்ச்சி நிறுவனத்திடம் இப்பணியை ஒப்படைத்தன. கடைக்காரர்கள் விற்பனையைக் கையால் குறித்துவைத்து அஞ்சலில் அனுப்பினர். 1983இல் கணிப்பொறி வரும்வரை கையால் குறிக்கும் முறையே நீடித்தது.

1977இல் வெளிவந்த கின்னஸ் நூலின் தொகுப்பாசிரியர்கள், 1960க்கும் 1969க்கும் இடைப்பட்ட காலத்திற்கு ‘ரெக்கார்ட் ரீடெய்ல’ரையே சான்றாகக் கொண்டனர். ஐம்பது இடங்கள் கொண்ட நீண்ட பட்டியல் அது, தொகுப்போர்க்கு வசதியானதே. ஆனால் தொடக்கத்தில் அது விசாரித்தவை ஏறத்தாழ 30 கடைகளே! அன்றைய இளைஞர் பெரிதும் படித்ததும் வேறு இதழ். எனவே, முதலிடம் பெற்றது என்போர் பக்கமே நான் சாய்கிறேன். எந்த இதழின் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

கின்னஸ் நூலின் முடிவே நிலைத்துவிட்டது. பீட்டில்ஸின் முதலிடப் பாடல்களைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘1’ என்னும் தொகுப்பில் அப்பாடல் இடம்பெறவில்லை.