செல்போர்ன் பாதிரியாரின் டிசம்பர்

டில்லியில் ஜனவரி வந்துவிட்டால் நம்மவர்கள் எல்லோருமே வானிலை நிபுணர்கள்தான். "சஃப்தர்ஜங்கில் 4 டிகிரியாம்" என்று ஒருவர் சொன்னால், "எங்க பக்கம் 2தான் சார்" என்பார் இன்னொருவர். ஒரே ஊருக்குள் எப்படி இத்தனை வித்தியாசம்? யாருடைய தெர்மாமீட்டர் பொய் சொல்கிறது? இதே கேள்வியை 1784 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடாமல் சரிபார்த்தும் இருக்கிறார். அவர் கதை இது.

பெயர் கில்பர்ட் ஒயிட். 1720ல் பிறந்தவர். ஹாம்ப்ஷயர் பகுதியில் செல்போர்ன் என்ற கிராமத்தில் பாதிரியார். வானிலை அவருக்குத் தொழில் இல்லை, ஆர்வம்தான். 1768லிருந்து, அச்சடித்த கட்டங்கள் போட்ட தாள்களில் வெப்பம், காற்றழுத்தம், காற்று, மழை, எந்தப் பறவை வந்தது, எந்தப் பூ பூத்தது என்று எழுதிக்கொண்டே வந்தார். 1793ல் இறக்கும் வரை, அதாவது 25 வருடம். நம்மில் எத்தனை பேர் வீட்டுச் செலவுக் கணக்கையே பிப்ரவரி தாண்டி எழுதுகிறோம், சொல்லுங்கள்!

சரி, டிசம்பருக்கு வருவோம். அந்த மாதத்தின் முதல் வாரம் ஒரே மழை. 7ம் தேதி பனி கொட்ட ஆரம்பித்து மறுநாளும் நிற்கவில்லை. 9ம் தேதி காலையில் தரையில் 12 முதல் 15 அங்குலம் பனி. கிராமத்துச் சந்துகளில் நடக்க வழியில்லை. அன்று மாலை குளிர் ஏறுவதைப் பார்த்த ஒயிட், இரண்டு தெர்மாமீட்டர்களை வெளியே தொங்கவிட்டார். ஒன்று மார்ட்டின் செய்தது, மற்றது டாலண்ட் செய்தது. இரவு 10 மணிக்கு 21 டிகிரி. 11 மணிக்கு 4. இதெல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. தண்ணீர் உறைவதே 32ல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை டாலண்ட் கருவி பூஜ்யத்துக்கும் கீழே அரை டிகிரி போய்விட்டது. மார்ட்டின் கருவியிலோ 4 டிகிரிக்குக் கீழே அளவுக்கோடே கிடையாது! பாதரசம் அடியிலிருந்த பித்தளை உறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. விஷயம் சுவாரசியமாகும் நேரத்தில் கருவி உதவாமல் போனதே என்று மனிதருக்கு ஏக எரிச்சல். 10ம் தேதி இரவு 11 மணிக்கு டாலண்ட் காட்டியது மைனஸ் 1. நம் கணக்கில் மைனஸ் 18 செல்சியஸ். அந்தக் குளிரில் தன் வீட்டுப் பூனையைத் தடவினால் ஷாக் அடிக்கும் அளவுக்கு அதன் மேல் மின்சாரம் ஏறியிருந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

ஒயிட் வீட்டைவிட 200 அடிக்கு மேல் உயரத்தில் நியூட்டன் என்ற பக்கத்து ஊர் இருந்தது. மேட்டில் இருப்பதால் அங்கே இன்னும் பயங்கரமாக இருக்கும் என்று நினைத்த ஒயிட், 10ம் தேதி காலையிலேயே அங்குள்ள நண்பருக்குச் சீட்டு அனுப்பி, அவருடைய தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறிக்கச் சொன்னார். பதில் வந்தது. இங்கே மைனஸ் 1 இருந்த அதே இரவு 11 மணிக்கு அங்கே 17. மறுநாள் காலை இங்கே 10, அங்கே 22. உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 200 அடிக்கு ஒரு டிகிரிகூடக் குறையாது. இங்கேயோ 18 டிகிரி, அதுவும் தலைகீழாக.

ஒயிட்டுக்கு முதலில் வந்த சந்தேகம், நண்பரின் கருவி கோளாறு என்பதுதான். (தன்னுடையதைச் சந்தேகிக்கவில்லை, மனித சுபாவம்!) ஆனால் சந்தேகத்தோடு நிற்கவில்லை. தன் கருவிகளில் ஒன்றை மேலே அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்தார். இரண்டும் துல்லியமாக ஒரே அளவைக் காட்டின. எங்கள் பாஷையில் சொன்னால், கிளைக் கணக்கும் தலைமை அலுவலகக் கணக்கும் பைசா சுத்தமாக டேலி ஆகிவிட்டது. ஆக, வித்தியாசம் கருவியில் இல்லை, ஊரில்தான்.

இதற்கு அவரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. லெட்ஜர் சரியாக இருந்தாலும் கோடவுனுக்குப் போய்ச் சரக்கை எண்ணிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அவர் தோட்டத்தில் லாரல், சைப்ரஸ், ஆர்புட்டஸ் என்று எப்போதும் பச்சையாக இருக்கும் மரங்கள் எல்லாம் தீயில் காட்டியதுபோல் கருகிவிட்டன. ஆசையாக வளர்த்த லாரல் வேலியும் போயிற்று. நியூட்டனில் அதே வகை மரங்களில் ஓர் இலை உதிரவில்லை.

காரணம் இன்று நமக்குத் தெரியும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அப்படி நிலம் குளிர்வதை 1814ல் வெல்ஸ் என்ற மருத்துவர், பனித்துளி பற்றிய தன் நூலில் தெளிவாக விளக்கினார். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழிந்து தேங்கும். மேடு தப்பிக்கும். வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். ஊட்டியில் உறைபனி தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளையாகப் படிவதும் இதனால்தான். டில்லிக் குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் நம் மூக்கருகிலேயே நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

இந்தக் குறிப்புகளில் மரங்கள் மட்டும் இல்லை. பனியில் முயலைத் துரத்திப் போன இருவருக்குக் கால் உறைந்தது. களஞ்சியத்தில் கதிரடித்துக்கொண்டிருந்த வேறு இருவருக்கு விரல்கள் அழுகிப்போய், குணமாகப் பல வாரம் ஆயிற்று. முயல் துரத்தியவர்களைவிட இவர்கள் உருப்படியான வேலையில் இருந்தவர்கள் என்று ஒரு குத்தலும் வைக்கிறார் பாதிரியார். கூலிக்காரனின் விரலையும் தெர்மாமீட்டர் அளவையும் அடுத்தடுத்து எழுதியதால்தான் அந்தக் குளிர் எனக்குப் புரிந்தது. வெறும் எண்ணாக இருந்தால் காமர்ஸ் படித்த எனக்கு மைனஸ் 1 என்பது மைனஸ் 1தான்.

கிறிஸ்துமஸ் அன்று காலையிலும் செல்போர்னில் 10, நியூட்டனில் 21. உறைகுளிர் 31ம் தேதி வரை நீடித்தது. 1785 ஜனவரி 3ம் தேதி பனி இளகி, கொஞ்சம் மழை பெய்தது. இத்தனையையும் கடித வடிவில், 1789ம் வருடத் தேதியிட்டு வெளிவந்த தன் செல்போர்ன் புத்தகத்தில் ஒயிட் சேர்த்தார். உதவாமல் போன அந்த மார்ட்டின் தெர்மாமீட்டரையும் மறக்காமல் திட்டியிருக்கிறார்.