ஆரஞ்சு அட்டை

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஒரு கலர், பக்கத்து சீட்டுக்காரருடையது வேறு கலர். ரெண்டு பேரும் தட்டுவது ஒரே ப்ரோகிராம்தான். அவர் கம்பெனி ஆள், நான் கன்சல்டிங் ஏஜென்ஸி அனுப்பி வைத்த ஆள். எனக்காக மணிக்கு எத்தனை டாலர் கைமாறுகிறது என்று கம்பெனிக்குத் தெரியும், ஏஜென்ஸிக்குத் தெரியும். உழைக்கிற எனக்கு மட்டும் தெரியாது! இந்த நடுவாந்திர ஆசாமி எங்கள் தொழிலில் எப்படி இவ்வளவு ஆழமாக வேர் விட்டார் என்று நோண்டியபோது கிடைத்த கதை இது.

1986-இல் அமெரிக்க வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் 1706 என்று ஒரு குட்டிப் பிரிவைச் செருகினார்கள். ஒப்பந்தக்காரர்களை சுயதொழில் செய்பவர்களாகவே கணக்குக் காட்ட 1978-ஆம் வருடச் சட்டம் ஒரு பாதுகாப்பு கொடுத்திருந்தது. ஏஜென்ஸி வழியாகப் போகிற இன்ஜினியர், ப்ரோகிராமர், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் வகையறாவுக்கு மட்டும் அதைப் பிடுங்கிவிட்டார்கள். ஏன் நம்மாட்கள் மேல் இந்தக் காண்டு? ஒரு காண்டும் இல்லைங்க. ஐபிஎம்முக்குச் சாதகமாக ஒரு வரிச்சலுகை கொடுத்தார்கள். அதனால் கஜானாவில் விழும் ஓட்டைக்கு செனட்டர் மொய்னிஹன் கொண்டுவந்த ஒட்டு இது. ஐந்து வருடத்தில் 6 கோடி டாலர் தேறும் என்று கணக்கு. பயந்துபோன பல கம்பெனிகள் தனியாளிடம் நேராக ஒப்பந்தம் போடுவதையே தவிர்த்தன. ஏதாவது ஏஜென்ஸியில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டு வா என்றன.

மைக்ரோசாஃப்ட் சிக்கியது வேறு வழியில். 1989-90-இல் வரித்துறை வந்து பார்த்து, நீங்கள் ஃப்ரீலான்ஸர் என்று சொல்லும் பலர் உங்கள் ஊழியர்களேதான் என்றது. கம்பெனி சிலரை நிரந்தரமாக்கியது. மற்றவர்களிடம், வேலை வேண்டுமென்றால் ஏஜென்ஸிக்கு மாறு என்றது. அதே வேலை, அதே மேலதிகாரி, சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர். நிரந்தரக்காரர்களுக்கு நீல அட்டை, இவர்களுக்கு ஆரஞ்சு. ஈமெயில் முகவரிக்கு முன்னால் 'ஏ' போட்டு ஒரு கோடு வேறு, நெற்றியில் பச்சை குத்தின மாதிரி.

1992-இல் வழக்குப் போட்டார்கள். பங்குகளை 15% தள்ளுபடியில் வாங்கும் திட்டத்தில் எங்களையும் சேர் என்பது முக்கியக் கோரிக்கை. தொண்ணூறுகளில் அந்தப் பங்கு எகிறிய எகிறல் உங்களுக்கே தெரியும். சலுகை எதுவும் கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே என்றது கம்பெனி. தாளில் என்ன பெயர் எழுதியிருந்தால் என்ன, உண்மையில் ஊழியர்தானே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1999-இல் ஒரு படி மேலே போய், ஏஜென்ஸி சம்பளம் கொடுப்பதாலேயே ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னது. 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலருக்கு சமரசம்.

ஜெயிச்சாச்சு. அப்புறம்? அதே 2000-இல் புது விதி: ஏஜென்ஸி ஆளுக்கு 12 மாதம் வேலை, பிறகு 100 நாள் வெளியே. 2014-இல் அது 18 மாதம் வேலை, 6 மாதம் வெளியே என்று ஆனது. ஊழியர் மாதிரி தெரிந்தால்தானே வழக்கு வரும்? தெரியாமல் பார்த்துக்கொண்டால் போச்சு. மற்ற கம்பெனிகளும் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டன.

போன வருடம் எங்கள் டீம் லஞ்சுக்கு என்னை மட்டும் கூப்பிடவில்லை. "லீகல்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று மேனேஜர் நெளிந்தார். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் செம கடுப்பு. பக்கத்து சீட்டுக்காரர்தான் எனக்கும் ஒரு டப்பா கட்டிக்கொண்டு வந்தார். ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டேன்.