மீன் தொட்டியில் நிலவொளி: ஒரு வரலாறு

மீன் தொட்டியின் மூடிக்குள் மங்கலான நீல எல்இடி விளக்குகளைப் பொருத்தி, இரவில் நிலா காய்வது போன்ற ஒளியை உண்டாக்குவது மீன் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள வழக்கம். இதை நிலா விளக்கு என்கிறார்கள். கடையில் வாங்கலாம், சில சிறு பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். அழகுக்காகத் தொடங்கிய இந்த வேலை, இன்று பவள உயிரிகளைத் தொட்டிக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையின் ஒரு பகுதியாகிவிட்டது. பவளமும் முத்தும் விளைந்த தூத்துக்குடிக் கரைக்கு இந்த வரலாறு நெருக்கமானது.

நிலவும் மன்னார் வளைகுடாவும்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றவற்றம் கூடும், நீரோட்டம் வலுக்கும் என்பது கரையோர மக்களுக்குப் பழகிய அறிவு. முத்துக்குளிப்பு பெரும்பாலும் கடல் அமைதியாக இருக்கும் மார்ச் மாதத்தை ஒட்டி நடந்தது. கரைக்காற்றைப் பயன்படுத்தி இரவிலேயே தோணிகள் புறப்படும். பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வரும்.

அதே பருவத்தில் கடலுக்கடியில் இன்னொரு நிகழ்ச்சியும் நடக்கிறது. தூத்துக்குடிக் கடலில் உள்ள அக்ரோபோரா வகைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் மாத அளவில், முட்டையையும் விந்தணுவையும் நீரில் வெளியிடுகின்றன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் இதைக் கவனித்து, 2010-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 1981-82 ஆண்டுகளில் இதைவிடப் பெரிய காட்சி பதிவானது. பௌர்ணமிக்குப் பிந்தைய சில இரவுகளில் பல வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் இவ்வாறு கருவணுக்களை வெளியிட்டன. கண்ணே இல்லாத உயிர் நிலவை எப்படி அறிகிறது என்ற கேள்வி எழுந்தது. பவளத்தில் உள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதம் நீல ஒளியை உணர்கிறது என்றும், அதற்கான மரபணுவின் செயல்பாடு பௌர்ணமி இரவில் மாறுகிறது என்றும் 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சீரோ வாட் பல்பிலிருந்து நீல எல்இடி வரை

மீன் காட்சியகம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான அது, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. பின்னாளில் வீடுகளுக்கும் கண்ணாடித் தொட்டி வந்தது. மூடிக்குள் முதலில் குண்டு பல்பும், பிறகு டியூப் லைட்டும் எரிந்தன.

விளக்கை அணைத்த பிறகு மீன்களைப் பார்க்க விரும்பியவர்கள், படுக்கையறையில் எரியும் நீலச் சீரோ வாட் பல்பையே தொட்டிக்கும் மாட்டினார்கள். பெயர் சீரோ என்றாலும் அது 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். இழை பல்பின் ஒளியில் நீலமும் குறைவு.

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகியோரின் உழைப்பால் பிரகாசமான நீல எல்இடி உருவாகி, 1993-இல் விற்பனைக்கான நிலையை எட்டியது. இதற்காக மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விலை இறங்கியதும் உலகெங்கும் மீன் வளர்ப்போர் தங்கள் தொட்டி மூடியில் தாங்களே நிலா விளக்கு பொருத்தத் தொடங்கினர்.

வீட்டில் செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்: 5 மில்லிமீட்டர் நீல எல்இடி ஒன்று அல்லது இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், 12 வோல்ட் நேர்மின் அடாப்டர், ஒயர். நீல எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 19 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். பெரும்பாலோர் செய்வது இதுதான்.

ஆனால் அந்த ஒளி நிலவொளியைவிட மிக அதிகம். பௌர்ணமி நிலவு தரும் ஒளி 0.1 முதல் 0.3 லக்ஸ் வரைதான். 2 கேண்டிலா ஒளிச்செறிவுள்ள ஒரே ஒரு எல்இடி, 30 சென்டிமீட்டர் கீழே 22 லக்ஸ் தருகிறது. 0.2 லக்ஸ் உள்ள நிலவோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல். 470 ஓமுக்குப் பதிலாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் மின்னோட்டம் 0.9 மில்லி ஆம்பியராகக் குறைந்து, ஒளி ஏறக்குறைய 1 லக்ஸுக்கு இறங்கும். எல்இடியின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினால் இன்னும் மங்கும்.

உப்பு நீர்த் தொட்டியின் ஆவி செம்புக் கம்பியை விரைவில் அரித்துவிடும். ஆகவே பற்றவைத்த இடங்களைச் சிலிக்கான் பசையால் மூட வேண்டும். அடாப்டரைத் தொட்டியை விட்டுத் தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்து விட்டால், வழிந்து வரும் நீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இருளின் கணக்கு

விளக்கை இரவு முழுவதும், எல்லா நாளும் எரிய விடுவது அடுத்த பிழை. அப்படிச் செய்தால் தொட்டிக்குள் அமாவாசையே வராது. தைவானில் ஒரு வகைப் பவளத்தை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு இதை நன்கு விளக்குகிறது. பௌர்ணமி வரை சூரியன் மறையும்போதே நிலவு வானில் இருக்கும். அதன் பிறகு நிலவு தாமதித்து எழுவதால் அந்தி முடிந்ததும் சிறிது நேரம் இருட்டு கிடைக்கும். அந்த இருட்டுதான் அந்தப் பவளத்துக்குக் கருவணுக்களை வெளியிடுவதற்கான அடையாளம். நிமோ மீன் என்று நாம் அழைக்கும் கோமாளி மீனின் முட்டைகளும் இருட்டிய பிறகே பொரிகின்றன.

இதைத் தொட்டியில் பின்பற்றத் தினசரி காலண்டர் போதும். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுகிறது. வளர்பிறையில் அந்தி முதலே விளக்கைப் போட்டு, அணைக்கும் நேரத்தை நாள்தோறும் 50 நிமிடம் தள்ளிவைக்கலாம். பௌர்ணமி அன்று இரவு முழுவதும் எரியும். தேய்பிறையில் போடும் நேரத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அமாவாசை அன்று விளக்கே வேண்டாம்.

லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் தொட்டிகளில் கடலின் வெப்பநிலை, பகல் நீளம், நிலவுச் சுழற்சி ஆகியவற்றை ஆண்டு முழுவதும் இவ்வாறு பின்பற்றி, நான்கு வகை அக்ரோபோராவை இனப்பெருக்கம் செய்யவைத்தனர். அந்த முறை 2017-இல் வெளியிடப்பட்டது. 2019-இல் அமெரிக்காவின் புளோரிடா மீன் காட்சியகத்தில் அழிவின் விளிம்பிலுள்ள தூண் பவளமும் இவ்வழியில் கருவணுக்களை வெளியிட்டது.

தூத்துக்குடிக்கு இது ஏன் முக்கியம்?

தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் பாறைகள் அழிந்தன. விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கியே போனது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே கடலிலிருந்து உயிருள்ள பவளத்தை எடுத்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். நிலா விளக்கை மீன்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் வெட்டுவதைத் தடுத்தது. கடல் வெப்பத்தைத் தடுக்க முடியாது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளங்கள் கடுமையாக வெளிறின. பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணி 2002 முதல் நடக்கிறது. ஆனால் ஒரு துண்டிலிருந்து வளர்வது தாய்ப் பவளத்தின் நகல்தான். வெப்பத்தைத் தாங்கும் புதிய மரபு வேறுபாடுகள் உண்டாக, முட்டையும் விந்தணுவும் சேர வேண்டும். அதற்கு நிலவின் அடையாளம் குழப்பமின்றிக் கிடைக்க வேண்டும். கரையோர விளக்குகளின் ஒளி படும் இடங்களில் பவளங்கள் வழக்கத்தைவிட 1 முதல் 3 நாள் முன்னதாக, பௌர்ணமிக்கு அருகிலேயே கருவணுக்களை வெளியிடுகின்றன என்று 2023-இல் ஓர் உலகளாவிய ஆய்வு கூறியது. எல்லாப் பவளங்களும் ஒரே இரவில் வெளியிடாவிட்டால் கருவுறும் வாய்ப்பு குறையும். இரவெல்லாம் ஒளிரும் துறைமுகத்துக்கு அருகே பவளத் தீவுகளைக் கொண்ட ஊர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடலில் குறைந்ததைத் தொட்டியில் மீட்ட அனுபவம் இந்த ஊருக்கு ஏற்கெனவே உண்டு. பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமியும் உடன் பணியாற்றியோரும் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தனர். சிப்பி முட்டையிட எது தூண்டுகிறது என்பதைப் பொறுமையாக அறிந்ததால் அது முடிந்தது. பவளத்துக்கு அத்தகைய தூண்டுதல்களில் ஒன்று நிலவு. வீட்டுத் தொட்டியில் நிலா விளக்கு பொருத்தும் மாணவர், காலண்டரைப் பார்த்து அமாவாசை அன்று அதை அணைத்து வைத்தால், அந்த அறிவின் முதல் பாடத்தைக் கற்றவராகிறார்.