புதிய கார் விளக்கு, சிக்னல் கோளாறுகள்: சாவியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரில் வானொலி பாடாவிட்டால், குளிர்சாதனம் வேலை செய்யாவிட்டால் ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால், பின்விளக்கு எரியாவிட்டால் அவருக்குத் தெரியாது. அது தெரிய வேண்டியது பின்னால் வரும் லோரிக்காரருக்கு. அவருக்கும் கடைசி நேரத்தில்தான் தெரியும். தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலைகளில் இரவு நேரத்தில் இதன் ஆபத்து இன்னும் அதிகம்.

புதிய கார்தானே, இதில் என்ன கோளாறு வரப்போகிறது என்று பலர் வெளிவிளக்குகளைச் சோதிக்காமலே சாவியை வாங்கிக்கொள்கின்றனர். புதிய காரிலும் விளக்குக் கோளாறு வரும். சில வேளைகளில், கோளாறே இல்லாத காரும் இருட்டில் விளக்கின்றி ஓடும்.

பகல் விளக்கு தரும் மயக்கம்

இப்போது வரும் பல கார்களில் இயந்திரத்தை முடுக்கியதும் முன்பக்கப் பகல் விளக்கு தானாக எரிகிறது. மீட்டர் பலகையும் எந்நேரமும் பளிச்சென்று ஒளிர்கிறது. பழைய கார்களில் விளக்கைப் போடாவிட்டால் மீட்டர் இருண்டிருக்கும். அதுவே ஒரு நினைவூட்டலாக இருந்தது. இன்று அந்த நினைவூட்டல் இல்லை. முன்னால் வெளிச்சம் தெரிவதால் எல்லா விளக்கும் எரிகின்றன என்று ஓட்டுநர் எண்ணிக்கொள்கிறார். ஆனால், பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்குகள் எரிவதில்லை.

இதற்கு வழி எளிது. விளக்குப் பொத்தானை 'ஆட்டோ' நிலையிலேயே வைத்திருக்கலாம். ஆட்டோ இல்லாத காரில், மாலை மங்கும்போதே முகப்பு விளக்கைக் கையால் போட வேண்டும். ஆட்டோவையும் முழுதாக நம்பிவிடக்கூடாது. அதன் உணர்கருவி இருளைத்தான் அறியும். பகலில் கொட்டும் மழையில் அது விளக்கைப் போடாமல் இருக்கலாம். அப்போதும் கையால் போடுவதே பாதுகாப்பு.

சிக்னல் வேகமாக அடித்தால்

சிக்னல் விளக்கு நிமிடத்திற்கு 60 முதல் 120 தடவை வரை மின்ன வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை. ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். வெளிக்கடையில் எல்இடி பல்பு மாற்றினாலும் இப்படி நேரலாம். எல்இடி குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், பல்பு எரியவில்லை என்று கார் கருதிவிடுகிறது.

விளக்குக்குள் ஈரம்

மழைக்குப் பிறகோ கார் கழுவிய பிறகோ முகப்பு விளக்கின் உட்புறம் மெல்லிய பனிபோல் மங்குவது இயல்பு. விளக்கைச் சற்று நேரம் எரியவிட்டால் மறைந்துவிடும். ஆனால், நீர் சொட்டுச் சொட்டாக வழிந்தாலோ, அடியில் தேங்கினாலோ, நாள் கணக்கில் மறையாவிட்டாலோ அது கசிவு. எல்இடி விளக்குகள் பலவற்றில் பல்பை மட்டும் மாற்ற முடியாது. முழு விளக்கையும் மாற்ற வேண்டிவரும். செலவு பெரிது என்பதால், உத்தரவாதக் காலத்திலேயே புகார் செய்வது நல்லது.

எதிரே வருபவர் கண் கூசினால்

எதிரே வருவோர் அடிக்கடி விளக்கை மின்னிக் காட்டினால், முகப்பு விளக்கு மேல்நோக்கி இருக்கக்கூடும். பல கார்களில் இதைச் சரிசெய்ய 0 முதல் எண்கள் கொண்ட சிறு திருகி உண்டு. எண் கூடினால் ஒளி தாழும். தைப்பூசத்திற்குக் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் பத்துமலைக்குப் புறப்படும்போது காரின் பின்பகுதி அமிழ்ந்து, முன்பகுதி உயரும். அப்போது எண்ணைக் கூட்ட வேண்டும்.

கோளாறு அல்லாதவை

சில கார்களில் சிக்னல் போட்டதும் அந்தப் பக்கப் பகல் விளக்கு மங்கும் அல்லது அணையும். சிக்னல் தெளிவாகத் தெரிவதற்காகவே அப்படி அமைத்துள்ளனர். சிக்னல் தண்டை இலேசாகத் தட்டினால் மூன்று தடவை மட்டும் மின்னுவதும், வேகமாகச் செல்கையில் திடீர் பிரேக் போட்டால் அபாய விளக்குகள் தாமாக மின்னுவதும் பல கார்களில் உள்ள வசதிகளே.

ஒப்படைக்கும் நாளில்

காரைப் பெறும்போது இரண்டு பேராகச் செல்வது நல்லது. ஒருவர் உள்ளே இயக்க, மற்றவர் வெளியே நின்று பார்க்கலாம். முகப்பு விளக்கின் தாழ் ஒளி, உயர் ஒளி, நான்கு மூலைச் சிக்னல்கள், பக்கக் கண்ணாடிச் சிக்னல், பின்விளக்கு, மேலே உள்ளது உட்பட எல்லா பிரேக் விளக்குகள், பின்னோக்கு விளக்கு, எண் பட்டை விளக்கு ஆகிய அனைத்தையும் கையொப்பமிடும் முன் பார்த்துவிட வேண்டும். தனியாக இருப்பவர் இரவில் சுவர் அருகே காரை நிறுத்தி, சுவரில் விழும் ஒளியைக் கண்ணாடியில் பார்த்தே பெரும்பாலானவற்றைச் சோதிக்கலாம்.

புகார் செய்யும் முறை

கோளாறு தெரிந்தால் முதலில் கைப்பேசியில் படமும் காணொளியும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிக்கடையில் வயரை வெட்டி ஒட்டினால் உத்தரவாதம் கைநழுவலாம். சேவை மையத்திற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் புகாரை எழுத்தில் பதியச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு பின்னர் சாட்சியாகாது.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சரிசெய்யக்கூடிய கோளாறை விற்பனையாளர் நியாயமான காலத்திற்குள் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால், வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கோரவும் சட்டம் இடமளிக்கிறது.

அதற்கும் பலன் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். சேவை மையத்தில் கேட்டு வாங்கி வைத்த நகல்கள் அப்போது கைகொடுக்கும்.