கைப்பேசிக்கும் ஆம்புக்கும் நடுவே: விழுப்புரம், திண்டிவனம் வட்டார மைக்செட்டை முன்வைத்து யுஎஸ்பி டாங்கிள் குறித்த ஆய்வு

ஆடி பிறந்தால் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில் கூழ்ப்பானை அடுப்பேறும் முன்பே ரேடியோ கட்டிவிடுவார்கள். செஞ்சி, மேல்மலையனூர், மயிலம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் ‘ரேடியோ கட்டுவது’ என்றால் வானொலி வைப்பது அல்ல. ஆம்ப்ளிஃபையர், மரத்தில் ஏற்றிய குழாய் ஒலிபெருக்கி, மைக், சீரியல் விளக்கு எல்லாம் சேர்ந்த மைக்செட் அது. ஆம்பின் பக்கத்தில் ஒரு காலத்தில் இசைத்தட்டு சுழன்றது. பிறகு கேசட் டெக் வந்தது, அதன்பின் சிடி பிளேயர், பென் டிரைவ். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கைப்பேசி கிடக்கிறது.

கைப்பேசியை ஆம்போடு சேர்க்க நெடுநாள் ஒரே ஒரு ஒயர் போதுமானதாக இருந்தது. ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் ஆர்சிஏ அல்லது தொழிலில் ‘பி-38’ என்று வழங்கும் தடித்த பின். 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இல்லாமல் வெளிவந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் அடுத்த சில ஆண்டுகளில் அதே வழியில் போயின. துளை போன இடத்தில் டைப்-சி வாயில் செருகும் விரல்நீள டாங்கிள் வந்தது. ஹெட்போனுக்கென்று செய்யப்பட்ட அந்தப் பொருள் ஊர்த் திருவிழாவின் ஆம்புக்குப் பாட்டு ஊட்டும் வேலையைச் செய்கிறது.

டாங்கிளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் எண்களைப் பற்றியதாகவே இருக்கிறது: எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், உள்ளே எந்த நிறுவனத்தின் சில்லு. இந்தக் கட்டுரை அதற்கு மாறான ஒன்றை வாதிடுகிறது. டாங்கிளும் ஆம்பும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும்போது, காதுக்கு வரும் ஒலியின் நன்மை தீமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டாங்கிளுக்குள் இருக்கும் சில்லு அல்ல. இரண்டும் சேரும் இணைப்புதான்: அங்கே எவ்வளவு மின்னழுத்தம் கைமாறுகிறது, இடம் வலம் என்ற இரு தடங்கள் எப்படி ஒன்றாகின்றன, தரைக்கம்பி எங்கே போய் முடிகிறது என்பவை. தனி அறையில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவருக்கு இந்தக் கேள்விகள் மங்கலாகவே எழும். மைக்செட்டில் அவை தெருவுக்கே கேட்கும்படி எழுகின்றன. மைக்செட்டைச் சோதனைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு காரணமும் உண்டு. வட இந்தியக் கேசட் பண்பாட்டைப் பற்றிப் பீட்டர் மானுவல் 1993இல் தனி நூலே எழுதினார். செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் விரிவாக ஆராய்ந்தார். இந்த மண்ணின் திருவிழா உலகறிந்த ஆய்வுப் பொருள். அந்தத் திருவிழாவின் தொன்மம் பேசப்பட்ட அளவுக்கு அதன் ஆம்பும் ஒயரும் பேசப்படவில்லை என்பதே என் எண்ணம். சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவரின் கையறிவு ஆய்வுலகின் கவனத்துக்கு உரியது.

முதலில் டாங்கிள் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் பாட்டு எண்களாக இருக்கிறது. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு, ஒரு தடத்துக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி. அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்போனை அசைக்கும் அளவு மின்னோட்டம் சேர்ப்பது சிறு ஆம்ப். இரண்டும் முன்பு கைப்பேசிக்குள் துளையின் பின்னால் இருந்தன. இப்போது டாங்கிளுக்குள் இருக்கின்றன. புதிதாக எதுவும் முளைக்கவில்லை, இடம்தான் மாறியது.

ஆனால் டாங்கிள் என்று கடையில் விற்பது எல்லாம் இந்த வேலையைச் செய்வதில்லை. சில வெறும் ஒயர்கள். டைப்-சி வாய் வழியாகவே மாற்றப்பட்ட ஒலியை வெளியே அனுப்பத் தெரிந்த கைப்பேசிகளுக்கு மட்டும் அவை பயன்படும். மற்றக் கைப்பேசிகளில் செருகினால் சத்தமே வராது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பேருந்து நிலையக் கடையில் அவசரத்துக்கு வாங்கிய டாங்கிள் ஒரு கைப்பேசியில் பாடி இன்னொன்றில் ஊமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழி பெரும்பாலும் கைப்பேசியின் மேல் விழுகிறது.

அடுத்து, ஒலி ஆர்வலர்களிடையே வேரூன்றிய ஓர் ஆட்சேபம். டாங்கிளுக்குள் ஏற்கெனவே ஆம்ப் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் இன்னொரு ஆம்பில் செருகினால் இரட்டைப் பெருக்கம் நேர்ந்து ஒலி கெடும் என்பது அது. கேட்கச் சரியாகத் தோன்றினாலும் கணக்குப் போட்டால் நிற்காது. 1 வோல்ட் தரும் டாங்கிளை 32 ஓம் ஹெட்போனில் செருகினால் அது 31 மில்லிஆம்பியர் தர வேண்டும். அதையே 10,000 ஓம் உள்ளீடுள்ள ஆம்பில் செருகினால் வெறும் 0.1 மில்லிஆம்பியர் போதும். அதாவது ஆம்போடு சேரும்போது டாங்கிளின் சுமை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. இத்தகைய மின்சுற்று சுமை குறைந்தால் பொதுவாகத் திரிபு குறைந்தே வேலை செய்யும். டாங்கிளின் கடைசிக் கட்டம் பெருக்குகிறது என்பதைவிட, தாங்கிப் பிடிக்கிறது என்பதே பொருத்தம். அதைத் தாண்டிச் செல்லத் தனி ‘லைன் அவுட்’ தேடி அலைய வேண்டியதில்லை.

ஹெட்போனுக்கே தனி ஆம்ப் வேண்டுமா என்ற கேள்வியையும் இதே கணக்கில் தீர்த்துவிடலாம். சென்ஹைசர் எச்டி 600, 300 ஓம் மின்தடையுள்ளது, ஓட்டுவதற்குக் கடினமானது என்று பெயரெடுத்தது. 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தருவது. 1 வோல்ட்டில் அதற்குக் கிடைப்பது 3.3 மில்லிவாட். அதிலேயே ஒலி 102 டெசிபெல்லைத் தொடும். விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்து பாட்டுக் கேட்பவருக்கு டாங்கிளே போதும். உணர்திறன் மிகக் குறைந்த சில ஹெட்போன்களுக்கு மட்டுமே தனி ஆம்பின் தேவை உண்மையில் வருகிறது.

மின்னழுத்தத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. சிடி பிளேயரின் வெளியீட்டு அளவு 2 வோல்ட். டாங்கிள்கள் பலவும் அரை வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் இடையே நிற்கின்றன. ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் ஐபோனில் தன் முழு அளவைத் தரும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் உள்ளிருக்கும் ஒலியளவு குறைந்த நிலையிலேயே நின்றுவிடுவதால், திரையில் முழு ஒலி காட்டியும் வெளியீடு தாழ்ந்தே இருக்கும். பாட்டுக் கருவிகளுக்கான ஆக்ஸ் உள்ளீட்டுக்கு அரை வோல்ட்டே தாராளம் என்பதால் பெரிய ஆம்புக்கு இது குறையல்ல. குறை எங்கே நேர்கிறது என்றால், சத்தம் போதவில்லை என்று ஒயரை ஆக்ஸிலிருந்து பிடுங்கி மைக் துளையில் செருகும்போது. மைக் துளை ஒரு மில்லிவோல்ட் அளவிலான குறிப்பை எதிர்பார்ப்பது. அங்கே 1 வோல்ட் போனால் ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல் அதிகம். பாட்டின் முகடுகள் தட்டையாக வெட்டப்பட்டு, நாகஸ்வரம் தகரத்தைத் தேய்ப்பதுபோல் கேட்கும்.

உள்ளூரில் கோத்த ஆம்புகளிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு. சான்யோவின் எல்ஏ4440 சில்லு தமிழ்நாட்டில் ‘4440 போர்டு’ என்ற பெயரிலேயே வழங்கும் அளவுக்குப் பரவியது. அதன் பெருக்கம் 51.5 டெசிபெல், ஏறக்குறைய 375 மடங்கு. அதை முழுத் திறனுக்குத் தள்ள 13 மில்லிவோல்ட்டே போதும். டாங்கிளின் 1 வோல்ட் அதற்கு முன் வெள்ளம். வால்யூம் குமிழைத் துளி திருப்பினாலே அறை அதிர்கிறது. குமிழின் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இரு தடங்களும் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் ஓங்கும். பலர் அதற்காகக் கைப்பேசியில் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். மின்னழுத்தம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 16 பிட்டில் ஒரு பிட் பயனற்றுப்போகும், டாங்கிளின் இரைச்சலோ அப்படியே நிற்கும். சரியான வழி வேறு. கைப்பேசியை முழு அளவில் விட்டு, குமிழுக்கு முன்னால் ஒரு தடையைத் தொடராகச் சேர்ப்பது. அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்குக்கூட வராது.

தரம் கெட்ட ஒலி ஊர் அமைதியையும் தொடுகிறது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. வெட்டுப்பட்ட ஒலி அதே அளவிலும் காதை அதிகம் குத்தும். இணைப்பைச் சீர்செய்தாலே எரிச்சலில் ஒரு பகுதி தணியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயர்தர எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதைச் சிடி தரத்துக்கு இறக்கியதையும் கேட்டவர்கள் 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அதுதான் கிடைக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 விழுக்காடு வந்தது. வேறுபாடு இருக்கிறது, ஆனால் நூலிழை. அமைதியான அறையில் நல்ல கருவிகளோடு கேட்கும் நிலை இது. குழாய் ஒலிபெருக்கியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் பாடவே பாடாது. அதற்கு 192 கிலோஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்குவது வீண் செலவு. ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லா ஒலியையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே அனுப்புகிறது என்பதும், 2023இல் வந்த 14ஆம் பதிப்பில்தான் எண்களை மாற்றாமல் டாங்கிளுக்குத் தரும் வழி திறந்தது என்பதும் உண்மை. வீட்டில் கேட்பவர் அறிந்திருக்கலாம். கோயில் வாசலில் அது பொருட்டல்ல.

அங்கே பொருட்டாவது ஹம்மிங். டாங்கிள் கைப்பேசியின் மின்சாரத்திலேயே இயங்குகிறது. நெடுநேரம் பாட வேண்டும் என்று சார்ஜர் பிரிவுள்ள டாங்கிளைப் போட்டு, சார்ஜரை ஒரு பிளக்கிலும் ஆம்பை ஜெனரேட்டர் லைனிலும் செருகினால், கைப்பேசியின் தரையும் ஆம்பின் தரையும் இரண்டு வழிகளில் இணைகின்றன. மின்னோட்டம் அந்த வளையத்தில் சுற்றி 50, 100 ஹெர்ட்ஸில் முனகும். ஆம்ப் பழுது என்று அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சார்ஜரைக் கழற்றினால் முனகல் நின்றுவிடும். பவர் பேங்க் வைத்தாலும் நிற்கும், ஒயர் நடுவே ஒன்றுக்கு ஒன்று விகித டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நிற்கும்.

எல்லாவற்றையும்விட ஆராயத் தகுந்தது இரு தடங்கள் ஒன்றாகும் இடம். 1978இல் வந்த ‘ப்ரியா’, தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று பெயர் பெற்றது. அதற்குப் பிந்திய பாடல்களில் வயலின் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் நிற்க, பாடகர் நடுவில் நிற்பார். மைக்செட் ஆம்ப் பெரும்பாலும் ஒற்றைத் தடம். டாங்கிளிலிருந்து வரும் இரண்டை அங்கே ஒன்றாக்கியே தீர வேண்டும். நடைமுறையில் இது மூன்று விதமாக நடக்கிறது.

இடத்தை மட்டும் இணைத்து வலத்தை விட்டுவிடுவது ஒன்று. பாட்டு வரும், ஆனால் பாதிப் பக்கவாத்தியம் காணாமல்போகும். இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாகப் பற்றவைப்பது அடுத்தது. டாங்கிளின் இரு வெளியீடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். இடமும் வலமும் வேறுபடும் நொடிகளிலெல்லாம் திரிபு ஏறும். மூன்றாவது, 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னை மிக்ஸரின் சமநிலை உள்ளீட்டில் செருகுவது. அந்த உள்ளீடு தனக்கு வரும் இரண்டின் வேறுபாட்டை மட்டுமே பெருக்கும். நடுவில் நிற்கும் குரல் இரண்டிலும் சமம், ஆகவே கழிந்துபோகும். வயலின் கேட்கும், எதிரொலி கேட்கும், பாடுபவர் மட்டும் இருக்க மாட்டார். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டில்லாமல் ஆடி மாதம் நகராத ஊர்களில் இது சின்னப் பிழை அல்ல. ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய பாட்டென்றால் முழுவதுமே மறைந்து, மெல்லிய இரைச்சல்தான் மிஞ்சும். பாட்டு ‘டவுன்லோடு சரியில்லை’ என்று திரும்பத் திரும்ப இறக்கிப் பார்ப்பார்கள். பாட்டில் ஒரு குறையும் இருக்காது.

தீர்வு எளிது. இடத்துக்கும் வலத்துக்கும் தலா 1,000 ஓம் தடை சேர்த்து, தடைகளின் மறுமுனைகளை ஒன்றாக்கி, அதைப் பி-38 பின்னின் நுனிக்குக் கொடுக்க வேண்டும். டாங்கிள் எதனோடும் மோதாது, இரு தடங்களும் சராசரியாகிச் சேரும், 10,000 ஓம் உள்ளீட்டில் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு.

சிலர் பற்றவைக்காமலே கைப்பேசியின் ‘மோனோ ஆடியோ’ அமைப்பை இயக்கிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல்தன்மைப் பகுதியில் அது இருக்கிறது, ஒரு காது கேளாதவர்களுக்காக வைத்தது. முதல் இரண்டு பிழைகளையும் அது தீர்த்துவிடும்: இடத்தில் மட்டும் கேட்டாலும் முழுப் பாட்டு வரும், முறுக்கிய கம்பிகளிலும் சண்டை இராது, இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம் என்பதால். மூன்றாவதில் அதுவே வினையாகும். இரண்டும் அச்சாக ஒன்றாகிவிடுவதால் வேறுபாடு சுழியம். வயலினும் எதிரொலியும்கூடப் போய், குழாய் அடியோடு மௌனமாகும். அப்போது மிக்ஸரில் எந்தத் துளையில் பின் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே தவிர, டாங்கிளை மாற்றிப் பயனில்லை.