இரண்டு வருட நாற்காலி

லேசரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பூங்கா பெஞ்சில் ஆரம்பிப்பார்கள். 1951 ஏப்ரல், வாஷிங்டன். காலையில் பெஞ்சில் உட்கார்ந்த சார்ல்ஸ் டவுன்ஸ், பாக்கெட்டிலிருந்த கவரின் பின்பக்கம் கணக்குப் போடுகிறார். அழகான கதைதான். ஆனால் எனக்கென்னவோ அதிலிருக்கும் போஸ்ட்டாக்குகள் மேல்தான் கண் போகிறது.

முனைவர் பட்டம் வாங்கியாச்சு, நிரந்தர வேலை இன்னும் இல்லை. நடுவில் ஓரிரு வருடம் இன்னொருவரின் ஆய்வகத்தில், உதவித்தொகையில் வேலை. அதுதான் போஸ்ட்டாக். அமெரிக்காவில் 1919-ல் ராக்பெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய ஃபெலோஷிப்கள் இதைப் பரவலாக்கின.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டவுன்ஸிடம் இருந்த ஃபெலோஷிப்புக்குப் பணம் கொடுத்தது ஒரு ரசாயன நிறுவனம். 1949-ல் அதில் வந்தவர் டொராண்டோவில் படித்த ஆர்தர் ஷாலோ. இரண்டு வருடத்தில் டவுன்ஸின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். டவுன்ஸோ துறைத்தலைவர் ஆகவிருந்தார். மாப்பிள்ளைக்கு அங்கேயே வேலை போட்டுத் தர முடியுமா? ஷாலோ பெல் ஆய்வகத்துக்குப் போனார்.

பிறகு அதே உதவித்தொகையில் வந்தவர் ஹெர்பர்ட் ஸைகர். மூலக்கூறு கற்றைகளில் தேர்ந்தவர். மாணவர் ஜேம்ஸ் கார்டனும் அவரும் டவுன்ஸின் கணக்கைக் கருவியாக்க முயன்றார்கள். அம்மோனியா மூலக்கூறுகளில் ஆற்றல் மிகுந்தவற்றை மட்டும் பிரித்து ஒரு உலோகக் குழிக்குள் அனுப்ப வேண்டும். அவை ஒரே தாளத்தில் நுண்ணலையை வெளியிட வேண்டும். லேசான வேலையில்லை. 1953-ல் ஸைகர் லிங்கன் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். கருவி இன்னும் வேலை செய்யவில்லை.

"இது நடக்காது, பணத்தை வீணாக்காதே" என்று நோபல் வாங்கிய ராபியும், குஷும் டவுன்ஸிடமே வந்து சொன்னார்கள். முடியாது என்றார் டவுன்ஸ். அவரால் சொல்ல முடிந்தது, அவர் வேலை நிரந்தரம். இரண்டு வருட நாற்காலியில் இருப்பவர் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

1954 ஏப்ரலில் கருவி இயங்கியது. அதற்கு மேசர் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் ஐடி உலகிலும் இது உண்டு. காண்ட்ராக்ட் முடிந்து போனவர் எழுதிய கோடு ஓடிக்கொண்டே இருக்கும், ரிலீஸ் அன்றைக்கு வெட்டும் கேக்கில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. ஆனால் 1954 ஜூலையில் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்த கட்டுரையில் மூன்று பெயர்கள்: கார்டன், ஸைகர், டவுன்ஸ். போனவரை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஷாலோவும் விட்டுப்போகவில்லை. 1958-ல் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து, மேசரை ஒளிக்குக் கொண்டுவருவது எப்படி என்று எழுதினார்கள். இரு முனைகளில் இரண்டு கண்ணாடிகள் போதும் என்ற யோசனை ஷாலோவுடையது. 1960-ல் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். டவுன்ஸுக்கு 1964-ல் நோபல், ஷாலோவுக்கு 1981-ல்.

ஒரு சோதனைக்கு எத்தனை வருடம் ஆகும் என்று உதவித்தொகைக்குத் தெரியாது. அது முடியும் தேதியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒருவரின் பெயர் நிற்பது, கூட இருந்தவர்களின் நேர்மையால்தான்.