தந்தையின் கவிதையைத் திருத்திய மாலுமி



தமிழில் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல், கற்றுக்கொடுப்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கப்பலுக்கு வழிகாட்டுபவரை அரபுக் கடலோடிகள் அப்பெயரால் அழைத்தனர். மத்ரஸாவில் பாடம் நடத்தும் நமக்கும் அதே பெயர்தான். கரையில் கால் நனைத்ததற்கு மேல் கடலை அறியாத நமக்கு அது சற்றுக் கூச்சமளிக்கும்.

அந்த முஅல்லிம்களுள் தலையாயவர், இன்றைய ராஸ் அல் கைமா பகுதியிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித். பல பத்தாண்டுகள் கடலோடி முதிர்ந்த பின்னரே, 1490 அளவில், 'கிதாபுல் ஃபவாயித்' எனும் கடல்நூலை எழுதினார். அவருடைய பாட்டனாரும் தந்தையும் செங்கடல் வழிகாட்டிகள். தந்தை அக்கடலின் வழிகளை நீண்ட கவிதையாகவே இயற்றி வைத்திருந்தார். அதனை மகன் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் அவ்வழியே சென்று பார்த்து, பிழைபட்ட இடங்களைத் திருத்தினார். செங்கடல் பவளப்பாறைகள் மலிந்தது. மரியாதை கருதிப் பிழையை விட்டுவைத்தால், பின்னால் வரும் கப்பலன்றோ உடையும்!

இதனை எண்ணிப் பார்க்கும் தேவை சென்ற ஆண்டு நமக்கு ஏற்பட்டது. காயல்பட்டினத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் சரக்குக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் கேமராவுடன் கடற்கரைக்குச் சென்று, நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று படமெடுப்பார். கச்சான் காலத்துக் கடல், வாடைக் காலத்துக் கடல், கொண்டல் வீசும் கடல் எனப் படங்களைப் பிரித்து அடுக்கி வைத்துள்ளார். (உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே எத்தனை கருத்து வேறுபாடு இருப்பினும், அலையைப் படமெடுப்பதில் ஒருவருக்கும் தடையில்லை என்று நாம் அவரிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.)

அவர் ஒருநாள் பழைய கணக்கேடு ஒன்றைக் கொண்டுவந்தார். "எங்க வாப்பாவோட வாப்பா கப்பல் முதலாளி, ஆலிம்சா. குடும்ப வரலாறு எழுதுறேன். இதுல என்ன இருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். ஏடு அரபுத்தமிழில் இருந்தது. அவர் வீட்டில் அதனை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை.

பல மாலைகள் அமர்ந்து வாசித்தோம். தோணி கொழும்புக்குப் போன நாட்கள், காற்றின் நிலை, ஒவ்வொரு பயணத்துக்கும் பெற்ற கூலி. ஆம், கூலிதான்! பாட்டனார் முதலாளி அல்லர். சுக்கான் பிடித்த சுக்கானி. மனைவியின் பேறுகாலச் செலவுக்கு முன்பணம் கேட்டு வாங்கிய குறிப்பும் இருந்தது.

"இதை எழுத வேண்டாம்" என்றார் பெரியவரின் மகன். 'கப்பல்காரர் குடும்பம்' என்ற பெயரில்தான் வீட்டில் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறைந்தோரின் குறைகளை மறைப்பது மார்க்க ஒழுங்கல்லவா என்றும் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் ஹலாலான உழைப்பு எப்படிக் குறையாகும்? இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனி (ரஹ்), ஹதீஸ் அறிவிப்பில் தம் தந்தை பலவீனமானவர் என்று வெளிப்படையாகவே கூறினார். தந்தையின்பால் அன்பில்லாமலா கூறினார்? இங்கே உரைக்க வேண்டியதோ அத்தனை கசப்பானதும் அன்று.

1938-39இல் ஆலன் வில்லியர்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கடலோடி, குவைத் மரக்கலம் ஒன்றில் ஏடனிலிருந்து சான்சிபார் வரை சென்று எடுத்த படங்கள் இன்றும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. நகுதா மட்டுமன்றி, பாய் இழுத்த பணியாளர்களும் அவற்றில் நிற்கின்றனர். நம் கரையின் சுக்கானிகளுக்கு அப்படியொரு படத்தை நாம் கண்டதில்லை. எஞ்சியிருப்பது இத்தகைய ஏடுகளே.

பெரியவர் சில வாரங்கள் நம்மிடம் வரவில்லை. பிறகு வந்தபோது முதல் பக்கத்தை எழுதி முடித்திருந்தார். பாட்டனாரின் பெயர், அதன் கீழே 'சுக்கானி'. எதிர்ப்பக்கத்தில் கச்சான் காலத்துக் கடலின் படம். மகன் இன்னும் அதனை வாசிக்கவில்லையாம். ஏட்டின் கடைசித் தாளில் ஈரம் பட்டுக் கலைந்த நான்கு வரிகளை வாசித்துத் தருமாறு கேட்டிருக்கிறார். அவற்றுள் இரண்டை மட்டுமே இதுவரை வாசித்துள்ளோம்.